அழவைக்கும் தாத்தாக்கள்

தமிழ் சினிமாவில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பதை எப்படிக் காட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஈஸி சேர். ஒரு பக்கம் நூல் கட்டின மூக்குக் கண்ணாடி. இருமல். மருமகள் காபி டம்ளரை ணங்கென்று வைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மகன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அங்கே எல்லா வசதியும் இருக்குப்பா" என்பான். அடுத்த ஷாட்டில் முதியோர் இல்லத்தின் இரும்பு கேட். பின்னணியில் புல்லாங்குழல்.

நீங்கள் கர்ச்சீப்பைத் தேடுவீர்கள். படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு ஒரு போன். "சாப்ட்டியாம்மா? மாத்திரை போட்டுக்கிட்டியா? சரி, உடம்பைப் பார்த்துக்கோ, வெச்சுடறேன்." மொத்தம் நாற்பது விநாடி. மறு வாரம் அதுவும் மறந்துபோகும்.

அழவைப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சினிமா என்றால் அழவும் வேண்டியதுதான். என் புகார் வேறு. இந்தப் படங்களில் வயதானவர் எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்திலேயே இருக்கிறார். சோறு, மருந்து, மரியாதை, பாசம் எல்லாம் மற்றவர்கள் அவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நல்ல பிள்ளை, கொடுக்காவிட்டால் கெட்ட பிள்ளை, அவ்வளவுதான் கதை. அவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? அவரால் ஆகவேண்டிய காரியம் என்று வீட்டில் ஏதாவது ஒன்று இருந்ததா? இதை காமிரா விசாரிப்பதே இல்லை.

விசாரித்த படங்களும் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. அடுத்த வருடமே 'சந்தியா ராகம்'. இரண்டிலும் சொக்கலிங்க பாகவதர் நடித்திருக்கிறார். டைரக்டர் அவரே, நடிகர் இவரே, ஒரு வருட இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது.

'சந்தியா ராகம்' கிழவர் கிராமத்தில் இருந்தவர். மனைவி இறந்ததும் சென்னையில் இருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். சின்ன வீடு, சின்ன சம்பளம். அந்த வீட்டில் வில்லன் கிடையாது. அர்ச்சனா நடித்த அந்த மருமகள் கெட்டவள் இல்லை. அளந்து போட வேண்டிய அரிசியில் இன்னொரு வயிறு சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான். கடைசியில் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். சுற்றிலும் மனிதர்கள் இருக்கும்போதே ஒருவர் எப்படித் தனியாகிப் போகிறார் என்பதை இவ்வளவு சத்தமில்லாமல் சொன்ன தமிழ்ப் படம் வேறு ஞாபகம் வரவில்லை.

'வீடு' தாத்தாவும் ஏழைதான். அவருக்கும் தள்ளாத வயது. அவரும் பேத்தியின் சம்பாத்தியத்தில்தான் சாப்பிடுகிறார். ஆனால் அவரைப் பார்க்கும்போது 'பாவம்' என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. காரணம், அந்த வீட்டில் ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறார்கள். அதில் அவருக்குப் பங்கு உண்டு. பாதி எழும்பிய அந்தக் கட்டடத்தைத் தனியாகக் கிளம்பிப்போய், சுவர் சுவராகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கிழவர் தனியாகத்தான் நிற்கிறார். தனிமையில் இல்லை.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒருவர் தானாக விரும்பித் தனித்திருந்தால் அதற்கு 'ஏகாந்தம்' என்று நல்ல சொல் இருக்கிறது. பக்கத்து அறையில் நாலு பேர் டி.வி. பார்க்க, இந்த அறையில் ஒருவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தனிச் சொல் இல்லை. அதனால்தான் 'அப்பா எங்களோடதானே இருக்கார், அவருக்கு என்ன தனிமை?' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கூட்டுக் குடும்பம் இருந்தால் இந்தப் பிரச்னையே வராது என்று மேடையில் பேசுகிறவர்களும், பதினைந்து பேர் இருந்த பழைய வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த விதவைப் பாட்டிகளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

*

இதையே ஜப்பானில் ஒஸு 1953-ல் 'டோக்கியோ ஸ்டோரி' என்று எடுத்தார். ஓனோமிச்சி என்ற சிற்றூரிலிருந்து ஒரு வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் டாக்டர், மகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. அதற்காக விரட்டிவிடுகிறார்களா என்றால் இல்லை. காசு போட்டு அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு டூர் அனுப்பிவைக்கிறார்கள். அங்கே பக்கத்து அறைகளில் ராத்திரியெல்லாம் சீட்டுக் கச்சேரி மாதிரி ஒரே கூச்சல். பெரியவர்கள் தூங்காமல் சீக்கிரமே திரும்பி வந்தால், மகள் வீட்டில் அன்றைக்கு ஒரு மீட்டிங். 'ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?'

இப்போது கவனியுங்கள். அந்த ஒரு ராத்திரிதான் இரண்டு பேருக்கும் படத்திலேயே நல்ல ராத்திரி. போக இடமில்லாத அப்பா, பழைய ஊர் சிநேகிதர்கள் இரண்டு பேரைத் தேடிப்போய்க் குடிக்கிறார். மூன்று கிழவர்களும் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லித் தீர்க்கிறார்கள். நடுராத்திரி போலீஸ்காரர் கொண்டுவந்து விடுகிற அளவுக்கு ஆகிவிடுகிறது. அம்மா, போரில் கணவனை இழந்த மருமகள் நோரிகோவின் ஒற்றை அறைக்குப் போகிறாள். நோரிகோ தோளைப் பிடித்துவிடுகிறாள். அம்மா பதிலுக்கு, நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று யோசனை சொல்கிறாள். டோக்கியோவுக்கு வந்ததிலிருந்து அவள் நிஜமாக அம்மாவாக இருந்தது அங்கேதான். பெற்ற பிள்ளைகள் கொடுத்தது டூர் டிக்கெட். அப்பாவுக்கு வேண்டியிருந்தது பழைய சிநேகிதர்கள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது தன் யோசனைக்குக் காது கொடுக்கிற ஒரு ஆள்.

நம் ஊரில் இன்றைக்கு காசி-ராமேஸ்வரம் பேக்கேஜில் அப்பா அம்மாவை ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்க்கலாம். டூர் தப்பு என்று சொல்லவில்லை. யார் போகணும்னு சொன்னது என்பதுதான் கேள்வி.

*

சமீபத்திய படங்களுக்கு வருகிறேன். 2017-ல் தனுஷ் இயக்கிய 'ப.பாண்டி' பிரமாதமாகத் தொடங்கியது. ராஜ்கிரண் ஓய்வு பெற்ற ஸ்டன்ட் மாஸ்டர். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. தெருவில் அநியாயம் நடந்தால் கை சும்மா இருக்காது. மகனோ, 'நீங்க சும்மா இருந்தா போதும்ப்பா' வகை. மகன் கெட்டவன் இல்லை, பயந்தவன். வேலை செய்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று முதல் பாதி அழகாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் படம் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பழைய காதலியைத் தேடிக் கிளம்பிவிட்டது. ரேவதி வருகிறார், நன்றாகவே இருக்கிறது. அறுபதுக்கு மேல் காதல் வரக்கூடாதா என்று கேட்டால் தாராளமாக வரலாம். ஆனால் ஸ்டன்ட் மாஸ்டரின் பிரச்னைக்கு அது பதில் இல்லையே! அவர் கற்ற வித்தை யாருக்கு வேண்டும் என்ற கேள்வியைப் படம் இடைவேளையோடு விட்டுவிட்டது. நாலு பசங்களுக்கு அவர் சிலம்பம் சொல்லிக்கொடுப்பதாக ஒரு காட்சி வைத்திருந்தால், ஃப்ளாஷ்பேக்கில் ஒரு பாட்டு குறைந்திருக்கும், படம் உயர்ந்திருக்கும்.

2019-ல் வந்த மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை' இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது. மூன்று மாதம் கோமாவில் கிடந்த எண்பது வயதுக் கிழவர் கண்விழிக்கும்போது, வீட்டார் தனக்குத் தலைக்கூத்தலுக்கு நாள் பார்ப்பது காதில் விழுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, வயதானவர்களை மெல்ல அனுப்பிவைக்கிற கொடுமையான வழக்கம் அது. தப்பித்து ஓடுகிறார். ஒரு கோயிலில் குட்டி என்கிற அநாதைப் பையன் கிடைக்கிறான்.

அந்தப் பையனுக்கு இரக்கமெல்லாம் கிடையாது. அதிகாரம் பண்ணுகிறான். 'உனக்கு என்னென்ன ஆசை, லிஸ்ட் போடு' என்கிறான். சண்டை போடுகிறான். பெரியவரும் சரிக்குச் சமமாகச் சண்டை போடுகிறார். மு.ராமசாமியின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வருவதைப் பார்க்க வேண்டும். பிரியாணியால் வந்த உயிர் என்று நினைத்தால் படத்தைப் பாதிதான் பார்த்தீர்கள். அந்தப் பையனுக்கும் இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. அவனுக்கு இவர் வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு நிஜம் இருக்கிறது. தனிமை கிழவர்களின் வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார், அதிலும் முதியவர்களைவிட இளையவர்கள்தான் அதிகம் என்கிறது. குட்டியும் கே.டி.யும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான் என்று ஆகிறது.

*

சினிமாவை வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பேசலாமா என்று கேட்பீர்கள். சரி, சினிமா வேண்டாம். அமெரிக்காவில் 1976-ல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். இரண்டும் சிறியவை. ஆனாலும் முதியோர் இல்லத்துக்குப் பழக்கூடையோடு போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதலாவது ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்தது. இல்லத்து முதியவர்களைப் பார்த்துப் பேசக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். ஒரு பிரிவினரிடம், எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாவது பிரிவுக்கு, எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தார்கள். மூன்றாவது பிரிவுக்குத் திடீர் திடீரென்று வந்தார்கள். நான்காவது பிரிவுக்கு யாருமே வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு பிரிவும் உடம்பிலும் மனசிலும் நன்றாகத் தேறியிருந்தன. திடீர் விருந்தாளிகளைப் பெற்ற மூன்றாவது பிரிவுக்கும் யாரும் வராத நான்காவது பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை!

நில்லுங்கள், கதை முடியவில்லை. ஆராய்ச்சி முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள். சில வருடங்கள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது, நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு பிரிவுகள்தான் சரிந்துபோயிருந்தன. மற்ற இரண்டும் பழையபடியே இருந்தன. ஏறவிட்டு ஏணியை எடுத்தாயிற்று.

இரண்டாவது, எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, சினிமாவை எந்த நாளில் பார்ப்பது எல்லாம் உங்கள் இஷ்டம் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடித்தொட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவது அவரவர் பொறுப்பு. இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில், செடியைத் தானே வளர்த்தவர்கள் சுறுசுறுப்பாக, மற்றவர்களோடு அதிகம் பழகுகிறவர்களாக மாறியிருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்தும் அவர்கள் நிலை மேலாகவே இருந்தது.

மாணவன் போனதும் இறங்கினார்கள். செடி கூடவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் சமூக சேவையின் லட்சணம் புரிந்துவிடும். குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒருநாள் இல்லத்துக்குப் போய் லட்டும் சாம்பார் சாதமும் கொடுத்து, பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். அவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மூன்றாவது பிரிவு. திடீரென்று வந்து, திடீரென்று காணாமல் போகிற பிரிவு. அதற்குப் பதில் ஒரே ஒரு பெரியவரை, அவர் சொல்கிற கிழமையில், அவர் சொல்கிற நேரத்தில், வருடம் முழுவதும் விடாமல் போய்ப் பார்ப்பது எவ்வளவோ மேல். முடியாது என்றால் தொடங்காமலே இருக்கலாம்.

*

ஒரு படி மேலே போன ஊரும் உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரம். அங்கே மனநல டாக்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். 2006-ல் டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். பதினான்கு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் பாட்டியிடம் பேச வேண்டும். அங்கத்திய ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குப் பெயரே 'அதிகமாக யோசிப்பது'. பாட்டிகளுக்கு அது தெரிந்த வியாதிதானே! 2016-ல் முறைப்படி பரிசோதித்து, பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகக் குணம் தெரிந்ததை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

நம் ஊராக இருந்திருந்தால் அந்தப் பாட்டிகளுக்குப் போர்வை கொடுத்திருப்போம். அங்கே வேலை கொடுத்தார்கள்.

பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமைப் பிரச்னைக்கென்று மந்திரியே நியமித்தன. நம்மிடம் 2007-ம் வருடச் சட்டம் இருக்கிறது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை வாங்கித் தரும். மிக அவசியமான சட்டம். ஆனால் எந்தத் தீர்ப்பாயமும் 'தினம் அரைமணி நேரம் அம்மாவிடம் பேசு' என்று உத்தரவு போட முடியாது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 'அன்புச்சோலை' என்று 25 பகல்நேர முதியோர் மையங்களை அறிவித்தார்கள். நல்ல யோசனை. ஒரே விண்ணப்பம்: அங்கே கேரம் போர்டும் டி.வி.யும் மட்டும் வைத்துவிடாதீர்கள். மையத்தை நடத்துவதிலேயே பெரியவர்களுக்குப் பங்கு கொடுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அங்கேயே உட்கார்ந்திருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

*

இங்கே ஒரு பாட்டி எழுந்து, "ஏம்ப்பா, நான் வேலை செய்யாமலா இருக்கேன்?" என்று கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் நியூஜெர்சி போய், சமையல், குழந்தை, துணி மடிப்பு என்று ஓய்வில்லாமல் உழைத்துவிட்டு, கார் ஓட்டத் தெரியாததால் தெருமுனைக்குக்கூடப் போக முடியாமல் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் நிறையப் பேர். அவர்கள் தேவைப்பட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் எது எப்போது என்று ஒரு விஷயத்திலாவது அவர்களைக் கேட்டார்களா? செடித்தொட்டியில் முக்கியமான விஷயம், அதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது. கேட்காமல் தலையில் கட்டும் வேலை, ஆயா வேலைதான், சம்பளம் இல்லாமல்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் என்ன கேட்பது என்பீர்கள். மிளகு ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்கலாம். தாத்தாவின் அண்ணன் ஏன் ரங்கூன் போனார் என்று கேட்கலாம். பதில் உங்களுக்கு நிஜமாகவே வேண்டியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சும்மா கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் காதைக் கவனியுங்கள். பாதி வீடுகளில் பெரியவர் பேச்சிலிருந்து ஒதுங்குவதற்குக் காரணம் மனசு அல்ல, காது. இரண்டு தடவை 'என்ன?' என்று கேட்டு, மூன்றாம் தடவை நீங்கள் 'ஒண்ணுமில்ல விடுங்க' என்றதும் அவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார். கண்ணாடி மாற்ற யோசிக்காத நாம் காது மெஷின் என்றால் மட்டும் தயங்குகிறோம். அடுத்தது சிநேகிதர்கள். மாதம் ஒருமுறை அப்பாவை அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களைப் பற்றிக் குறை சொல்ல முடியாதல்லவா! வீட்டில் யாரும் இல்லாதவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அப்படியே உங்கள் நம்பரையும்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தில் ஒரு பெரியவரை இருமாமல் காட்டுங்கள். அவரில்லாமல் கதையில் ஏதோ ஒரு காரியம் நடக்காது என்று எழுதுங்கள். அழுகைக்கு வேறு இடம் கிடைக்கும்.

உங்களுக்கும் ஒன்று. 'வீடு' எங்காவது கிடைத்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். படம் முடிந்ததும், நம்ம வீட்டை எப்படிக் கட்டினீர்கள், சிமென்ட் என்ன விலை, யாரிடம் கடன் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். சொந்த வீடே இல்லை என்றால், ஏன் கட்டவில்லை என்று கேளுங்கள். அது இன்னும் பெரிய கதையாக இருக்கும்.